பம்பாய்க் கிடங்குகளும் எருமைக்கண் குங்கிலியமும்

தமிழில் குங்கிலியம் என்னும் ஒற்றைச் சொல், தம்முள் உறவே இல்லாத பல மரங்களின் பிசினுக்குப் பொதுப்பெயராக நெடுங்காலமாய் வழங்கிவருகிறது. வடநாட்டுச் சால மரத்தின் பிசினும் குங்கிலியம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைப் பயின் மரம் தருவது வெள்ளைக் குங்கிலியம். அதே மலையில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த மரம் கசியும் கரிய பிசின் கருங்குங்கிலியம். கச்சு, ராஜஸ்தான், சிந்து ஆகிய வறண்ட நிலங்களில் ஆள் உயரத்துக்கு வளரும் ஒரு முட்புதரின் பிசினோ குக்கில், குக்குலு, மகிடாட்சி, எருமைக்கண் குங்கிலியம் எனப் பல பெயர்களில் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது. திருக்கடவூரில் குங்கிலியக்கலய நாயனார் இறைவனுக்கு இட்ட தூபம் எந்த மரத்தது என்பது பக்திக்கு ஒரு பொருட்டன்று. மருந்துக்கு அப்படியில்லை. முட்டி வீங்கி மடக்க முடியாமல் கிடப்பவருக்குக் கொடுக்கும் உருண்டையில் எந்தப் பிசின் இருக்கிறது என்பதே கேள்வி. கலந்து கிடந்த பிசின்களை வகைபிரித்துப் பெயரிட்டு விலை வைக்கும் வேலையை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக, வேறெந்த இந்திய நகரத்தையும்விட அதிகமாகச் செய்தது பம்பாய். அந்தப் பிரிப்பு முதலில் வணிகர் கையிலும், பிறகு தாவரவியலாளர் கையிலும், கடைசியில் ஆய்வுக்கூடத்திலும் நடந்தது. ஒவ்வொரு முறையும் எதையோ கண்டுபிடித்தது, எதையோ நழுவவிட்டது.

பிசின் என்று பொதுவாகச் சொல்லப்படுவது மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளக் கசியவிடும் நீர்மம். அதில் மூன்று கூறுகள் கலந்திருக்கும்: நீரில் கரையும் கோந்து, நெய்யிலும் சாராயத்திலும் மட்டுமே கரையும் உண்மையான பிசின், வெயில் பட்டதும் மணத்தோடு ஆவியாகும் எண்ணெய். வேப்பம்பிசினில் முதற்கூறே மிகுதி; சால மரப் பிசினில் கோந்து இல்லையென்றே சொல்லலாம்; குக்கிலிலும், சோமாலியக் கரையிலிருந்து வரும் குந்துருக்கத்திலும் மூன்றும் உண்டு. அழற்சி என்பதும் இதற்குச் சற்று இணையான செயல்தான்: காயமோ கிருமியோ பட்ட இடத்தில் உடல் இரத்த ஓட்டத்தைக் கூட்டி, சூடும் சிவப்பும் வீக்கமும் வலியும் தோன்றச் செய்து தன்னைக் காத்துக்கொள்கிறது. காரணம் மறைந்த பிறகும், அல்லது காரணமே இல்லாமலும், அது ஓயாமல் நீடிக்கும்போது முடக்குவாதமாகவும் குடல் புண்ணாகவும் ஈளையாகவும் மாறுகிறது. இத்தகைய நீடித்த நோய்களுக்குத்தான் பிசின் மருந்துகள் பெரும்பாலும் பரிந்துரைக்கப்பட்டன.

குக்கிலின் வணிகம் பம்பாயைவிட மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், சிந்து நதியின் முகத்துவாரத்திலிருந்த பார்பரிக்கம் துறையிலிருந்தும், இன்றைய பரூச்சாகிய பாரிகாசாவிலிருந்தும் 'ப்டெல்லா' என்னும் பிசின் ஏற்றுமதியானதைக் குறிப்பிடுகிறது. அது குக்கிலே என்பது அறிஞர் கருத்து. மருத்துவ நூல்களில் சுசுருதர் உடற்பருமன் நோய்க்கு இதைச் சொல்கிறார். மூட்டு வீக்கத்தை ஆமவாதம் என்று தனி நோயாகப் பிரித்து இலக்கணம் எழுதியது மாதவநிதானம்; அதற்குச் சிம்மநாத குக்குலு முதலிய உருண்டைகளைத் தொகுத்துத் தந்தது பதினோராம் நூற்றாண்டின் சக்ரதத்தம். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் குக்கிலை நிறத்தால் ஐந்தாகப் பிரித்தார். எருமையின் கண்போலக் கருத்தது மகிஷாக்ஷம், அடர்நீலமானது மகாநீலம், ஆம்பல் நிறத்தது குமுதம், தாமரை நிறத்தது பத்மம், பொன்னிறத்தது ஹிரண்யம். முதல் இரண்டும் யானைகளுக்கும் அடுத்த இரண்டும் குதிரைகளுக்கும் ஏற்றவை என்றும், மனிதருக்குப் பொன்னிறமே சிறந்தது, சிலர் கருத்துப்படி மகிஷாக்ஷமும் ஆகும் என்றும் அவர் எழுதினார். தமிழ்க் கடைகளில் ஊன்றி நின்ற பெயரோ எருமைக்கண் குங்கிலியம். யானைக்குரியதெனச் சொல்லப்பட்ட வகையின் பெயரிலேயே மனிதருக்கான மருந்து விற்கப்பட்டது என்பதில் ஒரு சிறு வேடிக்கை உண்டு.

கடையிலிருந்து வாங்கிய குக்கிலை அப்படியே யாரும் உண்ணக் கொடுப்பதில்லை. மரப்பட்டைச் சிதறலும் மணலும் பூச்சியும் ஒட்டிய கட்டிகளைச் சிறிதாக உடைத்துத் துணியில் தளர்வாக முடிந்து, வாய் அகன்ற பாத்திரத்தின் குறுக்கே வைத்த கோலில் அம்முடிச்சைத் தொங்கவிட்டு, கீழே திரிபலைக் குடிநீரோ சீந்தில் குடிநீரோ கோமியமோ கொதிக்கவிடுவார்கள். ஊஞ்சல்போல ஆடுவதால் இவ்வமைப்புக்குத் தோலா எந்திரம் என்று பெயர். முடிச்சு நீரில் மூழ்கியிருக்க வேண்டும், பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. சூடு ஏற ஏறப் பிசின் இளகித் துணியின் இழைகள் வழியே கசிந்து குடிநீரோடு கலக்கும். நேரம் ஆக ஆக முடிச்சு சுருங்கும். கடைசியில் அதை அவிழ்த்தால் சுள்ளியும் மண்ணும் மட்டுமே மிஞ்சும். கலங்கிய குடிநீரைக் குழம்பாகச் சுண்டக் காய்ச்சி, நெய் தடவிய தட்டில் ஊற்றி வெயிலில் உலர்த்திய பிறகு இரும்பு உரலிலிட்டு, நெய்யைச் சிறிது சிறிதாக வார்த்து, உலக்கையில் ஒட்டாமல் மெழுகுபோல் ஆகும்வரை இடிக்க வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி, திரிபலை முதலிய பொடிகள் அதன்பிறகே சேரும். உலக்கை ஓயக் கூடாது என்பது பழைய வைத்தியர்களின் கண்டிப்பு. யோகராஜ குக்குலுவும், வாதரத்தம் எனப்படும் சிவந்து வீங்கும் மூட்டுநோய்க்கான கைசோர குக்குலுவும் இவ்வாறு உருவானவையே.

பம்பாய் இக்கதைக்குள் நுழைவது மருத்துவத்தால் அல்ல, கப்பலால். 1839-ல் ஏடன் துறைமுகம் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் 1932 வரை அது பம்பாய் ஆட்சியின் கீழேயே இருந்தது. சிந்து 1936 வரை பம்பாய் மாகாணத்தின் பகுதி. ஆகவே உலகின் முக்கியமான மருந்துப் பிசின்களில் மூன்று, அதாவது சோமாலியாவின் குந்துருக்கம், அங்கிருந்தே வரும் வெள்ளைப்போளம், சிந்து-கச்சின் குக்கில் ஆகியவை, பம்பாயின் ஆட்சி எல்லைக்குள்ளோ அதன் வாசலிலோ விளைந்தன. நவம்பர் முதல் சில மாதங்கள் கூடும் பெர்பரா சந்தைக்குப் பாலைவனத்திலிருந்து ஒட்டகங்களில் பிசின் மூட்டைகள் வந்திறங்கும். குஜராத்திலிருந்தும் கச்சிலிருந்தும் சென்ற பனியா வணிகர் துணியும் அரிசியும் கொடுத்து அவற்றை வாங்கி, ஏடன் வழியாகப் பம்பாய்க்கு அனுப்புவார்கள். அந்நகரின் மாண்ட்வி, மசூதி பந்தர் கிடங்குகளில் அவை பிரிக்கப்பட்டன. ஃப்ளூகிகரும் ஹன்பரியும் 1874-ல் வெளியிட்ட மருந்துப்பொருள் நூல் இந்த முறையைப் பதிவு செய்கிறது: வெள்ளைப்போளத்தில் நல்லவை தனியே எடுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கும், கருத்தும் கலந்தும் இருந்தவை சீனத்துக்கும் கப்பலேறின.

சீனத்துக்குப் போனதைக் கழிவு என்றும், அங்கே அது தூபத்துக்குப் பயன்படலாம் என்றும் அந்நூலாசிரியர்கள் கருதினர். சீன மருத்துவத்திலோ குந்துருக்கமும் வெள்ளைப்போளமும் அடிபட்ட வீக்கத்துக்கும் வலிக்கும் இணைபிரியாமல் சேர்த்துத் தரப்படும் மருந்துகள். லண்டன் தரகர் கழிவென்று கழித்ததன் ஒரு பங்காவது கான்டன் மருந்துக்கடையின் இழுப்பறைக்குள் போயிருக்கும் என்று நினைப்பதே பொருத்தம். நிறமும் பளபளப்பும் விலையைத் தீர்மானித்தனவே தவிர, குணத்தை யாரும் அளக்கவில்லை.

பம்பாய் அரசு மருந்துக் கிடங்கின் பொறுப்பாளராக இருந்த வில்லியம் டைமாக் என்னும் மருத்துவர், இந்தச் சந்தையை ஆங்கிலேயர் எவரையும்விட நெருங்கிப் பார்த்தவர். அவர் 1880-களில் எழுதிய மேற்கிந்திய மருந்துத் தாவர நூலும், வார்டன், ஹூப்பர் ஆகியோருடன் சேர்ந்து 1890-களின் தொடக்கத்தில் முடித்த பார்மகோகிராஃபியா இண்டிகாவும் இன்றும் பயன்படும் நூல்கள். யுனானி மரபில் குந்துருக்கம் எவ்வாறு தரம் பிரிக்கப்பட்டது என்பதை அவர் எடுத்துச் சொல்கிறார். உருண்டு திரண்டு ஆழ்ந்த மஞ்சளாய் இருப்பது ஆண் குந்துரு. வெளிறியது பெண் குந்துரு. ஈரப் பிசினைக் கூடையிலிட்டுக் குலுக்கி உருட்டிச் செயற்கையாக மணியாக்கியது ஒரு வகை. மரப்பட்டையோடு உரிந்து வந்தது மற்றொன்று. மூட்டையின் அடியில் தங்கும் தூள் ஐந்தாவது. பட்டைக்கும் தூளுக்கும்கூடப் பெயரும் பயனும் விலையும் இருந்தன என்பதிலிருந்து, எதையும் எறியாத அங்காடி அது என்பது விளங்கும்.

வணிகர் பிரித்த பிறகு தாவரவியலாளர் பிரித்தனர். 1807-ல் கோல்புரூக், விவிலியம் புகழும் குந்துருக்கம் இந்தியாவின் சல்லகி மரத்திலிருந்தே கிடைப்பது என்று எழுதினார். எடின்பரோ மருத்துவர் ஜான் பாஸ்வெல்லின் நினைவாக ராக்ஸ்பர்க் அம்மரத்துக்குப் பாஸ்வெல்லியா செர்ராட்டா என்று பெயர் சூட்டியிருந்தார். சல்லகி குந்துருக்கத்தின் நெருங்கிய உறவினமே, ஆனால் ஏடன் மூட்டைகளில் வந்த பொருள் அதுவன்று. பம்பாய் மருத்துவப் பணியைச் சேர்ந்த ஹென்றி கார்ட்டர், 1840-களில் பாலினூரஸ் என்னும் அளவைக் கப்பலில் அரேபியத் தென்கரையைச் சுற்றியபோது உண்மையான மரத்தைக் கண்டு விவரித்தார். அதன்பின், கிராண்ட் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் அருங்காட்சியகப் பொறுப்பாளருமான ஜார்ஜ் பேர்ட்வுட், ஏடன் அதிகாரிகள் வழியாக வந்த கிளைகளைப் பைகுலாவின் விக்டோரியா தோட்டத்தில் நட்டு வளர்த்து, 1870-ல் லின்னியன் கழக ஏட்டில் மூன்று புதிய இனங்களை வெளியிட்டார். ஒன்றுக்குக் கார்ட்டர் பெயர். ஒன்றுக்குப் பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃபிரியரின் பெயர். மூன்றாவதுக்கு டாக்டர் பாவு தாஜியின் பெயர்.

பாவு தாஜி லாட், கிராண்ட் கல்லூரியின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். கல்வெட்டும் நாணயமும் படித்தவர். நாட்டு மூலிகைகளைத் தேடித் திரட்டியவர். தொழுநோய்க்கு மருந்து தேடியதில் தம் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டு 1874-ல் மறைந்தவர். சோமாலியக் கரையின் குந்துருக்க மரமொன்று மராத்தி மருத்துவர் ஒருவரின் பெயரைச் சுமந்ததற்குக் காரணம், அம்மரத்தின் பதியம் வேர்பிடித்த தோட்டமும் அவர் உழைத்த அருங்காட்சியகமும் அடுத்தடுத்து இருந்ததாகலாம். பிற்காலத் தாவரவியல் அந்தப் பெயரைத் தனி இனமாக ஏற்காமல் பாஸ்வெல்லியா சாக்ராவுக்குள் அடக்கிவிட்டது. அருங்காட்சியகமோ 1975-ல் அவர் பெயரைப் பெற்றது. மரத்தில் அழிந்த பெயர் கட்டடத்தில் நின்றது. குக்கிலுக்கும் இதே மாதிரி இரட்டைப் பெயர்: சிந்துவில் பணியாற்றிய பம்பாய் மருத்துவர் ஸ்டாக்ஸ் 1849-ல் தந்த 'முகுல்' என்னும் பெயர் நூறாண்டுக்கும் மேல் வழங்கி, இன்று கோம்மிஃபோரா வைட்டியை என்பதற்கு இடம்விட்டிருக்கிறது, கோயம்புத்தூர்ப் பருத்திப் பண்ணையில் இருந்து தென்னிந்தியச் செடிகளைப் படம் வரைவித்த ராபர்ட் வைட்டின் பெயர் அது.

1896 செப்டம்பரில் பம்பாயைத் தாக்கிய பிளேக், இதே மாண்ட்விக் கிடங்குப் பகுதியில்தான் முதலில் வெளிப்பட்டது. தானிய மூட்டைகளின் எலிகள் நோயைப் பரப்பின. பிசின் மூட்டைகள் அவற்றுக்குப் பக்கத்துக் கிடங்குகளில் இருந்தன. பிளேக்கின் விளைவாக 1898-ல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலைக் குறைக்க நகரின் வடக்கே தாதர்-மாட்டுங்கா மனைத் திட்டத்தை வகுத்தது. அங்கே எழுந்த மாடி வீடுகளில் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த எழுத்தர்களும் சுருக்கெழுத்தர்களும் குடியேறினார்கள். அதற்கு முன்பே தாராவியின் சதுப்பு ஓரத்தில் தோல் பதனிடும் தொட்டிகளைச் சுற்றித் திருநெல்வேலித் தமிழர் வந்துவிட்டிருந்தார்கள். செம்பூர், விடுதலைக்குப் பின் ஆலைகளும் அணுசக்தி வளாகமும் டிராம்பேயைச் சுற்றி எழுந்தபோது தமிழர் நிறைந்த பகுதி. சுண்ணாம்பு நீரில் நாள் முழுக்க நின்று தோலை மிதிப்பவருக்கும், மேசையில் குனிந்து தட்டச்சு அடிப்பவருக்கும் வந்த மூட்டுவலி ஒரே மாதிரியானதல்ல. ஆனால் இருவர் வீட்டிலும் தடவப்பட்ட எண்ணெயில் குங்கிலியம் இருந்திருக்கக் கூடும். பாலக்காட்டார் கையோடு கொண்டுவந்த பிண்ட தைலம் தேன்மெழுகு, மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம் ஆகியவற்றை நல்லெண்ணெயில் காய்ச்சிச் செய்வது. எரிச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டுக்கு உரியது. சித்த மருத்துவர் செய்யும் குங்கிலிய வெண்ணெயில், நல்லெண்ணெயில் கரைத்த குங்கிலியத்தைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, தண்ணீரை மாற்றி மாற்றி, எண்ணெய் வெண்ணெய்போல் வெளுத்துத் திரளும்வரை கழுவுவார்கள்; தீப்புண்ணுக்கும் ஆறாப் புண்ணுக்கும் அது பூச்சு.

தமிழருக்கு இந்நகரத்தில் பிசினின் பெயர்களும் மாறின. குழந்தையைக் குளிப்பாட்டியபின் தலைமுடிக்குக் காட்டும் சாம்பிராணி, பம்பாய்த் தெருவில் லோபான். மாலையில் தணல் நிரம்பிய தூபக்காலோடு ஒருவர் கடைகடையாகப் புகை காட்டி வருவதையும், பார்சி வீடுகளில் அந்தி வேளையில் அதே மணம் எழுவதையும் அவர்கள் கண்டார்கள். லோபான் என்பது குந்துருக்கத்தின் அரபுப் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அப்பெயரில் பெரும்பாலும் விற்றது சிங்கப்பூர் வழியாகச் சுமத்ராவிலிருந்து வந்த வேறொரு மரத்தின் பிசின். குக்கில் இந்திப் பலகைகளில் 'கூகல்' ஆயிற்று. தேடுபொறியின் பெயரும் அந்த எழுத்துகளிலேயே எழுதப்படுவதால் இன்றைய இளைஞர் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். மந்தபுத்திக்காரரைத் தமிழர் ஏன் சாம்பிராணி என்று திட்டுகிறார்கள் என்பதற்கு இவ்வளவு மதிப்புள்ள பண்டத்தின் வரலாற்றில் எந்த நியாயமும் கிடைப்பதில்லை.

வைத்தியர் வீட்டு உரலிலிருந்து பிசின் மருந்து தொழிற்கூடத்துக்கு மாறியதும் பம்பாயைச் சுற்றியே. பன்வேலில் 1872-ல் தொடங்கிய தூதபாபேஸ்வர் நிறுவனமும், ஜாம்நகர் வைத்தியர் ஜண்டு பட்டின் பேரர் ஜுகத்ராம் 1910-ல் தொடங்கிய ஜண்டு நிறுவனமும் யோகராஜ குக்குலுவைப் புட்டியில் அடைத்த மாத்திரையாக்கின. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் இந்நகரில் தொடங்கிய அமிர்தாஞ்சன் 1914-ல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. அதில் பிசின் இல்லை என்றாலும், வலிக்குத் தைலம் என்றால் கைக்கடக்கமான புட்டி என்னும் பழக்கத்தைத் தமிழரிடம் ஏற்படுத்தியதில் அதற்குப் பங்குண்டு. 1940-ன் மருந்துச் சட்டத்தில் 1964-ல் செய்த திருத்தம் ஆயுர்வேத, யுனானி மருந்துகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பழைய நூல்களில் உள்ள முறைப்படி செய்ததாக இருந்தால் போதும் என்ற ஏற்பாட்டில், உருண்டையின் பயனை நிறுவும் பொறுப்பு நூலின் மேல் விழுந்தது.

அந்தப் பயனை அளக்கும் முயற்சி இதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. லக்னோவில் குஜ்ரால் குழுவினர் 1960-ல் குக்கில் விலங்குகளின் மூட்டு அழற்சியைத் தணிப்பதை வெளியிட்டனர். அந்தத் தடத்திலேயே ஆய்வு சென்றிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். 1966-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்த ஜி. வி. சத்தியவதி, சுசுருதர் உடற்பருமனையும் அதன் விளைவுகளையும் வருணித்ததில் இரத்தக் கொழுப்பு நோயின் சாயலைக் கண்டு, முயல்களில் குக்கிலைச் சோதித்தார். சுக்தேவ் குழுவினர் அதிலிருந்து குக்குல்ஸ்டிரோன் என்னும் கூறுகளைப் பிரித்தனர்; லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் குக்குலிப்பிட் என்னும் சாற்றை உருவாக்கியது; பிறகு அரசின் அனுமதி கிடைத்தது; 1988-ல் பம்பாயின் சிப்லா நிறுவனம் அதைக் குக்லிப் என்ற பெயரில் கொழுப்புக் குறைப்பு மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. மசூதி பந்தரின் கிடங்கில் கையால் பிரிக்கப்பட்ட பிசினை இப்போது கரைப்பான்கள் பிரித்தன.

2003-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான சோதனை இந்த மகிழ்ச்சியைக் குலைத்தது. கொழுப்பு மிகுந்த 103 பேரிடம் 8 வாரம் நடத்திய அந்தச் சோதனையில், குக்குலிப்பிட் உண்டவர்களின் கெட்ட கொழுப்பு குறைவதற்கு மாறாகச் சிறிது கூடியது. சிலருக்குத் தோலில் தடிப்பு கண்டது. இந்திய ஆய்வுகள் வேறு முடிவைச் சொல்லியிருந்தன; உணவு வேறு, உடல் வேறு, சாறு வேறு என்று பல விளக்கங்கள் வந்தன. எது சரியாயினும், மூட்டுக்காகக் குக்கிலை நாடிவந்த மக்களின் கேள்வி இதில் ஓரமாகிப் போனது. 

சல்லகியின் கதை இதைவிட நேர்கோடானது. கோல்புரூக் குந்துருக்கமென்று தவறாக எண்ணிய அதே மரம்தான். மத்திய இந்தியக் காடுகளில், குறிப்பாக மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூர்ப் பகுதியில், பழங்குடியினர் குளிர்காலத்தில் தொடங்கிக் கோடை முடியும்வரை பட்டையைச் செதுக்கிப் பிசின் எடுக்கிறார்கள். புதுப்பிசினை மூங்கில் கூடையில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்தால் 'ரஸ்' எனப்படும் நீர்ப்பகுதி ஒழுகி, கட்டிப்பகுதி தங்கும். அதுவே தரம் பிரித்து விற்கப்படும். ஜம்மு வட்டார ஆராய்ச்சி நிலையத்தில் அட்டல், ஜி. பி. சிங் ஆகியோர் 1980-களில் அதன் அழற்சி எதிர்ப்பைக் காட்டினர். அதைக் கொண்டு செய்த சல்லகி மாத்திரையை, இன்று மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட கஃபிக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் டியூபிங்கனில் அம்மோன் குழுவினர் 1990-களின் தொடக்கத்தில் காரணத்தையும் கண்டனர்: உடலில் வீக்கத்தைத் தூண்டும் லியூகோட்ரையீன்கள் உருவாக உதவும் 5-லைபாக்சிஜனேஸ் என்னும் நொதியைப் பிசினிலுள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் தடுக்கின்றன. 2003-ல் நாக்பூரில் முழங்கால் தேய்மானமுள்ள 30 பேரிடம் நடந்த சோதனையில் வலியும் வீக்கமும் குறைந்தன; எக்ஸ்ரே படத்தில் மாற்றமில்லை. 2011-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், குரோன் என்னும் குடல் அழற்சியின் தணிவைத் தக்கவைப்பதில் சல்லகி வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்ப்பதில்லை. முடக்குவாத மருந்துகளுக்கு மாற்றாகவும் அது நிறுவப்படவில்லை.

2004-ல் வெளியான சிறு ஆய்வொன்று இங்கே தனியாகச் சொல்லத்தக்கது. சல்லகிச் சாற்றை வெறும் வயிற்றில் உண்டபோது பாஸ்வெல்லிக் அமிலங்கள் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்ந்தன. கொழுப்பு மிகுந்த உணவோடு உண்டபோது பல மடங்கு கூடின. பிசினை நெய் வார்த்து இடித்த உலக்கையை இது நினைவூட்டுகிறது. இடித்தது குக்கில், அளந்தது சல்லகி என்பதால் ஒன்றை மற்றொன்றின் சான்றாக்க முடியாது. எனினும், கோந்தை நீரிலும் பிசினை நெய்யிலும் தனித்தனியே இளக்கிய பழைய செய்முறை பொருளின் இயல்பை அறிந்தே அமைந்தது என்று கொள்ளலாம்.

பழைய செய்முறை எல்லாவற்றுக்கும் இப்படி நற்சான்று தர இயலாது. மகாயோகராஜ குக்குலுவில் நாக பற்பம் சேரும். நாகம் என்பது வடநூல் மருத்துவத்தில் ஈயம். துத்தநாகத்தை நாகம் என்று வழங்கும் தமிழ் வாசகர் இங்கே ஏமாறக் கூடாது. 2004-ல் பாஸ்டன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக வந்த ஆய்வு, பற்பம் சேர்ந்த மருந்துகள் குறித்த கேள்வியை உலகெங்கும் எழுப்பியது. யோகராஜம், மகாயோகராஜம் என்னும் இரு பெயர்களுக்கிடையே உள்ள ஒரு சொல்லின் வேறுபாட்டில், மூலிகை மட்டுமுள்ள உருண்டையும் உலோகம் சேர்ந்த உருண்டையும் பிரிகின்றன; கடையில் கேட்பவர் பலர் 'மகா' என்றால் கூடுதல் வீரியம் என்று மட்டுமே புரிந்துகொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் இடையே புதர் குறைந்துகொண்டே வந்தது. குக்கில் செடி பிசினெடுக்கும் பருவத்துக்கு வர எட்டு முதல் பத்து ஆண்டுகள் வேண்டும். ஒரு செடி தருவது சில நூறு கிராம் மட்டுமே. அளவைக் கூட்டுவதற்காக ஆழமாகக் கீறி, காயத்தில் சில கலவைகளைப் பூசும் வழக்கம் பரவியபின், பிசின் மிகுதியாக வடிந்த செடி அடுத்த ஆண்டு பட்டுப்போனது. ஜோத்பூரின் வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் செடி சாகாமல் எத்திஃபான் கொண்டு பிசினைப் பெருக்கும் முறையை வகுத்தது. அஜ்மீர் அருகே மங்களியாவாசில் குக்கிலுக்கென ஆய்வுப் பண்ணை அமைந்தது. ஆயினும் 2015-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அருகிய இனமாக வகைப்படுத்தியது. கச்சின் விளைச்சல் சுருங்க, பாகிஸ்தான் சரக்கும், ஆப்பிரிக்காவின் உறவினங்களின் பிசினும் அந்த இடத்தை நிரப்பின. பெர்பரா மூட்டைகளில் வெள்ளைப்போளத்தோடு கலந்து வந்து, மாண்ட்விக் கிடங்கில் தாழ்ந்த தரமென ஒதுக்கப்பட்டவற்றின் உறவினர்தாம் அவை.

மசூதி பந்தரின் வட்காதியில் இன்றும் பிசின்கள் கோணிப்பைகளின் வாய் திறந்தபடி விற்பனைக்கு இருக்கின்றன. தாராவியின் தொண்ணூறடிச் சாலைக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் சரக்கு இத்தகைய மொத்தக் கடைகளிலிருந்தே பிரிந்து செல்கிறது. நல்ல குக்கிலைத் தேர்வதற்கு வைத்தியர் சொன்ன சோதனைகள் எளியவை: விரலால் அழுத்தினால் மெல்லக் குழைய வேண்டும், தணலில் இட்டால் எரிய வேண்டும், வெயிலில் உருக வேண்டும், வெந்நீரில் போட்டுக் கலக்கினால் நீர் பால்போல் வெளுக்க வேண்டும். கோந்தும் பிசினும் எண்ணெயும் கலந்த எந்தப் பொருளும், அது கச்சிலிருந்து வந்தாலும் பெர்பராவிலிருந்து வந்தாலும், இந்த நான்கிலும் ஏறத்தாழத் தேறிவிடும்.